விரல் பார்க்கும் வேலை: 4×5 ஷீட் ஃபிலிமை வீட்டில் ட்ரேயில் கழுவுவது

பெரிய கேமராவில் ஒரு படத்துக்கு ஒன்று என்று போடும் 4×5 அங்குல ஃபிலிம் தாள்தான் ஷீட் ஃபிலிம். அதைக் கழுவ, அதாவது டெவலப் செய்ய, எந்த டேங்க் வாங்கலாம் என்பதுதான் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி. டேங்க் வேண்டாம், நான்கு ட்ரே வாங்குங்கள் என்பேன். டேங்கில் நல்ல நெகட்டிவ் வராது என்பதற்காகச் சொல்லவில்லை. பேட்டர்சன் டேங்குக்குள் உட்காரும் மாட்54 ஹோல்டர் ஆறு 4×5 ஷீட்டைப் பிடித்துக்கொள்ளும், அதற்கு ஒரு லிட்டர் கெமிக்கல் வேண்டும். ஸ்டியர்மன் எஸ்பி-445 நான்கு ஷீட்டை அரை லிட்டருக்குள் முடித்துவிடும். ஷீட்டைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு, சாதாரண ரோல் ஃபிலிம் டேங்கில் நிற்கவைக்கிறவர்களும் உண்டு. எல்லாமே வேலை செய்யும்.

ஆனாலும் இவ்வளவு பெரிய கேமராவையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு அலைவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ரோல் ஃபிலிமில் முப்பத்தாறு படத்துக்கும் ஒரே தலையெழுத்து. ஷீட்டில் ஒவ்வொரு படத்துக்கும் அதற்கு வேண்டிய நேரத்தைத் தனியாகக் கொடுக்கலாம். ஒரு ஷீட், ஐந்து ஷீட், இடையில் ஒன்றை மட்டும் முன்னதாக எடுப்பது என்று எதற்கும் ட்ரே இடம் கொடுக்கும். கெமிக்கல் எப்படிப் போகிறது, ஷீட் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் விரலுக்கே தெரியும். நான் ட்ரேயை விட்டு நகராததற்கு இதுதான் காரணம். கீழே சொல்வதெல்லாம் அந்த முறைதான்.

அறை

எச்பி5 ப்ளஸ், எஃப்பி4 ப்ளஸ், டிரை-எக்ஸ், டி-மாக்ஸ், ஃபோமாபான் எல்லாமே பான்குரோமாட்டிக் ஃபிலிம்கள். சிவப்பு உட்பட எல்லா நிறமும் அவற்றுக்குத் தெரியும். அதனால் பிரிண்ட் போடும்போது எரியும் சிவப்பு விளக்குகூட இங்கே கூடாது. ஜன்னல் இல்லாத குளியலறை இருந்தால் பாதி வேலை முடிந்தது. கதவிடுக்கில் துணியைச் செருகி, விளக்கை அணைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். முதல் நிமிடத்தில் தெரியாத கசிவெல்லாம் கண் பழகியதும் தெரிய ஆரம்பிக்கும்: சாவித் துவாரம், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை, கீசரின் குட்டி விளக்கு. ஒளிரும் முள் உள்ள கைக்கடிகாரத்தையும் ஃபோனையும் வெளியே வைத்துவிடுங்கள்.

கண்ணை நம்ப முடியவில்லை என்றால் ஒரு ஷீட்டைச் செலவு செய்யலாம். வேலை நடக்கும் இடத்தில் எமல்ஷன் (படம் பதியும் பூச்சு உள்ள பக்கம்) மேலே தெரிய அதை வைத்து, மேலே ஒரு நாணயத்தை வைத்து, பத்து நிமிடம் கழித்து அந்த ஷீட்டைக் கழுவிப் பாருங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் எங்கோ வெளிச்சம் கசிகிறது.

முழு இருட்டு பயமாக இருக்கிறது என்கிறவர்கள் ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமில் தொடங்கலாம். இல்ஃபோர்ட் ஆர்த்தோ ப்ளஸ் போன்றவை சிவப்பைப் பார்க்காது. அடர் சிவப்பு சேஃப்லைட்டில் படம் எழும்பி வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கை பழகுவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

கெமிக்கல்

படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் பற்றிய விவாதத்துக்கு முடிவே இல்லை. அதில் இறங்காமல் டி-76 அல்லது ஐடி-11-ல் தொடங்குங்கள், நடைமுறையில் இரண்டும் ஒன்றுதான். டி-76 கோடாக் நிறுவனம் 1927-ல் கொண்டுவந்தது. இன்றைக்கும் மற்ற டெவலப்பர்களை அதோடுதான் ஒப்பிடுகிறார்கள். டப்பாவில் வாங்கிக் கலக்கலாம். தராசு இருந்தால் நீங்களே செய்யலாம், ரகசியம் எதுவும் இல்லை. 50 டிகிரி அளவுக்குச் சூடான 750 மி.லி. தண்ணீரில் மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம், இதே வரிசையில். ஒவ்வொன்றும் முழுதாகக் கரைந்த பிறகே அடுத்தது. கடைசியில் தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டர் ஆக்குங்கள். மெட்டாலுக்கு முன்னால் ஒரு சிட்டிகை சல்ஃபைட்டைப் போடுவது நல்லது, காற்றுப் பட்டுக் கெடாமல் அது காக்கும். மொத்த சல்ஃபைட்டையும் முதலிலேயே கொட்டிவிட்டால் மெட்டால் கரையாமல் அடம்பிடிக்கும்.

மெட்டால் சிலருக்குத் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும். ஒருமுறை வந்துவிட்டால் ஆயுள் முழுக்கக் கூடவே இருக்கும். எனவே நைட்ரைல் கையுறை கட்டாயம். விரலோடு ஒட்டிய சரியான அளவில் வாங்குங்கள்; தொளதொளப்பான கையுறையில் ஷீட்டின் விளிம்பு தெரியாது. அளக்கிற குவளை, கலக்குகிற குச்சி எதுவும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

டெவலப்பரை ஒன்றுக்கு ஒன்று என்று தண்ணீர் கலந்து, ஒருமுறை பயன்படுத்திக் கொட்டிவிடுவதுதான் என் வழக்கம். ஒவ்வொரு முறையும் புது டெவலப்பர் என்பதால் போன வாரத்து நெகட்டிவும் இந்த வாரத்து நெகட்டிவும் ஒரே மாதிரி வரும். நான்கு 4×5 ஷீட்டின் பரப்பு 80 சதுர அங்குலம், அதாவது ஒரு 8×10 ஷீட், ஒரு ரோல் 120, அல்லது முப்பத்தாறு படமுள்ள ஒரு 35 மி.மீ. ரோல். எந்த டெவலப்பரின் குறிப்பைப் படித்தாலும் இந்தக் கணக்கு உதவும். கலந்த டெவலப்பர் ஒரு லிட்டர் இருந்தால் ஆறு ஷீட்டுக்குத் தாராளம்.

டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத்துக்கு லிட்டருக்கு 15 கிராம் சிட்ரிக் அமிலம் போதும், வாடையும் இல்லை. படத்தை நிலைப்படுத்தும் ஃபிக்ஸருக்கு அமோனியம் தயோசல்ஃபேட் உள்ள ராப்பிட் ஃபிக்ஸர், ஒன்றுக்கு நான்கு தண்ணீர்.

வெப்பநிலை 20 டிகிரி என்று எல்லாப் பட்டியலும் சொல்லும். அறை சூடாக இருக்கும்போது ஐஸ் போட்டு 20-க்கு இறக்கினால் வேலை முடிவதற்குள் அது ஏறிவிடும். அதைவிட 24 டிகிரியில் நிதானமாக வேலை செய்து நேரத்தைக் குறைப்பது மேல். டிகிரிக்குச் சுமார் 8 சதவீதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்: 20-ல் 11 நிமிடம் என்றால் 24-ல் ஏறக்குறைய 8 நிமிடம். நேரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் மட்டும் டெவலப்பரில் இன்னும் தண்ணீர் கலந்து நேரத்தை நீட்டுங்கள், இல்லையென்றால் வானம் திட்டுத்திட்டாக வரும். எல்லா ட்ரேயும், கழுவும் தண்ணீர் உட்பட, ஒன்றிரண்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஊறி மெத்தென்று இருக்கும் எமல்ஷன் திடீர் வெப்ப மாற்றத்தைத் தாங்காது.

வெளிச்சத்தில் ஒத்திகை

கெமிக்கலை ஊற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. பெரும்பாலானவர்கள் தாண்டிப்போவதும் இதைத்தான்.

ஐந்தாறு வீணான ஷீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் பட்ட பழைய ஷீட், வேண்டாத நெகட்டிவ், எதுவானாலும் சரி. ஷீட்டை நெடுக்குவாட்டில் பிடித்தால் ஒரு மூலையில் விளிம்பில் சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும். அந்த வெட்டு மேல் வலது மூலையில் வருமாறு பிடித்தால் எமல்ஷன் உங்கள் முகத்தைப் பார்க்கிறது. வலது கை ஆள்காட்டி விரல் தானாகவே அந்த வெட்டில் போய் நிற்கிற வரைக்கும் பிடித்துப் பழகுங்கள். ஒவ்வொரு ஃபிலிமுக்கும் வெட்டின் வடிவமும் எண்ணிக்கையும் வேறு. இருட்டில் எந்த ஃபிலிம் கையில் இருக்கிறது என்பதையும் அதுவே சொல்லிவிடும்.

இனி ட்ரே. 4×5 ஷீட்டுக்கு 5×7 அல்லது 8×10 ட்ரே சரி. அதைவிடப் பெரிதானால் ஷீட்டுகள் திசைக்கொன்றாக மிதக்கும். அடியில் கூரான வரிப்பள்ளம் இல்லாத ட்ரேயாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் தண்ணீர் ஊற்றி, ஷீட்டுகளை எமல்ஷன் மேலே பார்க்க ஒன்றன் மேல் ஒன்றாக அமிழ்த்துங்கள். இப்போது வேலை என்னவென்றால், அடியில் இருக்கும் ஷீட்டை உருவி மேலே வைப்பது, சீட்டுக்கட்டில் அடிச்சீட்டை உருவி மேலே போடுவது போல. இடது கை அடுக்கின் ஓரத்தைத் தொட்டு நகராமல் நிறுத்துகிறது. வலது கை விரல் அடியில் போய் கடைசி ஷீட்டின் நீள விளிம்பை மட்டும் பிடித்து, பக்கவாட்டில் நேராக வெளியே இழுத்து, தண்ணீருக்கு மேலே கொண்டுவந்து, அடுக்கின் மேல் தட்டையாகப் படுக்கவைக்கிறது. பிறகு இரண்டு விரலின் சதைப்பகுதியால் மெதுவாக ஒரு அழுத்து, ஷீட் அமிழ்கிற அளவுக்கு மட்டும்.

கீறல் விழுவது பெரும்பாலும் அந்தப் படுக்கவைக்கிற கணத்தில்தான். ஷீட் சாய்ந்து இறங்கினால் அதன் மூலை கீழே உள்ள எமல்ஷனில் குத்தும். எல்லா விளிம்பும் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தொடுமாறு இறக்கிப் பழகுங்கள். எமல்ஷன் கீழே பார்க்க வைத்துக் கழுவுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி வைத்தால் மூலை அடுத்த ஷீட்டின் முதுகில்தான் படும் என்பது அவர்கள் வாதம், அதில் நியாயமும் இருக்கிறது. உருவும்போது எமல்ஷன் ட்ரேயின் அடியில் தேய்வதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே இருங்கள்.

முதல் ஷீட்டை மட்டும் மற்றவற்றுக்கு எதிர்த்திசையில், வெட்டு எதிர்மூலையில் வருமாறு, எமல்ஷன் மேலேயே இருக்கத் தலைகீழாகச் சுழற்றி வையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் திரும்பிய ஷீட் கைக்கு வரும்போது ஒரு சுற்று முடிந்தது என்று தெரிந்துவிடும்.

பார்த்துக்கொண்டே செய்து பழகியதும் கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கள். ஆறு ஷீட்டுக்கு ஒன்றுக்கு ஐந்து வினாடி, அதாவது அரை நிமிடத்துக்கு ஒரு சுற்று என்ற தாளம் கைக்கு வர வேண்டும். முதல் தடவை நிஜ ஃபிலிமோடு இறங்கும்போது இரண்டே ஷீட்டோடு இறங்குங்கள். ஆறுக்கு மேல் எப்போதுமே வேண்டாம்.

விளக்கை அணைத்த பிறகு

ட்ரேக்கள் இடமிருந்து வலமாக: தண்ணீர், டெவலப்பர், ஸ்டாப், ஃபிக்ஸர். ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று விளக்கு எரியும்போதே கையால் ஒருமுறை தொட்டுவிட்டு வாருங்கள். நேரத்துக்கு நான் வைத்திருப்பது ஒலி மட்டும். நிமிடங்களை என் குரலில் சொல்லிப் பதிவு செய்து, ஃபோனைக் கதவுக்கு வெளியே வைத்து ஓடவிடுவேன். வினாடிக்கு ஒரு தட்டு தட்டும் மெட்ரோனோமும் சரிதான்.

ஷீட்டை ஹோல்டரிலிருந்து (கேமராவில் செருகும், பக்கத்துக்கு ஒரு ஷீட் பிடிக்கும் சட்டம்) எடுப்பதை ஈரக்கையோடு செய்யாதீர்கள். வெளிச்சம் பட்ட பக்கத்தின் டார்க் ஸ்லைடை (ஷீட்டை மூடும், ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் வெள்ளையும் உள்ள தகடு) கறுப்பு வெளியே தெரியுமாறு செருகியிருப்பீர்கள். வெள்ளைப் பக்கத்தின் பிடியில் பெரும்பாலான ஹோல்டர்களில் சின்ன மேடுகள் இருக்கும், அதைத் தடவியே இருட்டில் உறுதிசெய்துகொள்ளலாம். எடுத்த ஷீட்டுகளை ஃபிலிம் வந்த காலிப் பெட்டியிலேயே போட்டு மூடுங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று மூடி உள்ள பெட்டி அது, வெளிச்சம் நுழையாது. மூடியதும் விளக்கைப் போட்டு, ஹோல்டர்களை ஓரமாக வைத்து, வெப்பநிலையைக் கடைசியாக ஒருமுறை பார்த்து, கையுறை போட்டுக்கொண்டு, பிறகு அணைக்கலாம்.

முதலில் தண்ணீர். ரோல் ஃபிலிமுக்கு முன்னூறல் தேவையா என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ட்ரேயில் பல ஷீட் ஒன்றாகப் போகும்போது தேவை. காய்ந்த எமல்ஷனும் ஈர ஷீட்டும் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். இடது கையை ஈரம் படாமல் வைத்து அதில் ஷீட்டுகளைப் பிடித்துக்கொள்ளுங்கள், வலது கை மட்டும் நனையட்டும். ஒரு ஷீட்டை விட்டு, முழுதாக அமிழ்த்தி, பத்து வினாடி கழித்து அடுத்தது. எல்லாம் இறங்கியதும் இரண்டு மூன்று நிமிடம் சுற்றுங்கள். அப்படியும் இரண்டு ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். தண்ணீரிலேயே கிடந்தால் எமல்ஷன் ஊறித் தளர்ந்து தானே விலகும்.

பிறகு அதே வரிசையில், திரும்பிய ஷீட் முதலாக, டெவலப்பருக்கு மாற்றுங்கள். ஷீட்டுக்கு ஐந்து வினாடி. எஃப்பி4 ப்ளஸ், ஒன்றுக்கு ஒன்று ஐடி-11, 20 டிகிரி என்றால் இல்ஃபோர்ட் பட்டியலில் 11 நிமிடம். எச்பி5 ப்ளஸுக்கு 13. அந்த நேரங்கள் இடைவெளி விட்டுக் குலுக்கும் டேங்குக்கானவை. ட்ரேயில் கை ஓயாமல் ஓடுவதால் 10 முதல் 15 சதவீதம் குறைக்க வேண்டும். எஃப்பி4-க்கு ஒன்பதரை நிமிடத்தில் தொடங்குங்கள், எச்பி5-க்குப் பதினொன்றரை. இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை மொத்த அடுக்கையும் கால் வட்டம் திருப்பினால் ஒரே பக்க விளிம்பில் ஓட்டம் அதிகமாவது குறையும்.

ஒரே ஒரு ஷீட் என்றால் உருவும் வேலையே இல்லை. ட்ரேயின் இடது விளிம்பைத் தூக்கி இறக்கு, எதிர்ப்பக்கம், வலது, உங்கள் பக்கம். அலை ஒரு திசையிலிருந்தே வராதபடி மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். முக்கியமான படத்தை நான் இப்படித் தனியாகத்தான் கழுவுவேன்.

நேரம் முடிய ஷீட்டுக்கு ஐந்து வினாடி வீதம் (ஆறு ஷீட்டுக்கு அரை நிமிடம்) இருக்கும்போதே, போன வரிசையிலேயே எடுக்கத் தொடங்குங்கள், அப்போதுதான் எல்லாவற்றுக்கும் ஒரே நேரம் கிடைக்கும். ஒவ்வொன்றையும் மூலையில் பிடித்துச் சில வினாடி வடியவிட்டு ஸ்டாப்பில் போடுங்கள். அரை நிமிடம் போதும். ஃபிக்ஸருக்குப் போன பிறகும் அடுக்கைச் சுற்றிக்கொண்டே இருங்கள், இரண்டு நிமிடம் தாண்டியதும் விளக்கைப் போடலாம். பால் நிறம் விலகிக் கறுப்பு தெளிந்து வருவதை அப்போது பார்ப்பீர்கள்.

ஃபிக்ஸரும் கழுவலும்

மொத்தம் எவ்வளவு நேரம் ஃபிக்ஸரில் இருக்க வேண்டும் என்பதை ஃபிக்ஸரே சொல்லும். வெளிச்சத்திலேயே ஒரு துண்டு ஃபிலிமில் ஒரு சொட்டு ஃபிக்ஸர் விட்டு அரை நிமிடம் கழித்து முழுத் துண்டையும் ஃபிக்ஸரில் போடுங்கள். சொட்டு விழுந்த வட்டமும் மற்ற இடமும் வேறுபாடு தெரியாமல் ஒன்றாகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டு மடங்கு உங்கள் ஃபிக்ஸ் நேரம்; டி-மாக்ஸ், டெல்டா வகை ஃபிலிம்களுக்கு மூன்று மடங்கு கொடுங்கள், ஊதாச் சாயமும் சேர்ந்து போகும். புது ஃபிக்ஸரில் ஆன நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஆகத் தொடங்கினால் அந்த ஃபிக்ஸரின் கதை முடிந்தது. தீர்ந்த ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கிறது. அதைச் சாக்கடையில் விடாமல் கேனில் சேர்த்து, வெள்ளி பிரித்தெடுக்கிறவர்களிடமோ ரசாயனக் கழிவு வாங்குமிடத்திலோ கொடுங்கள்.

ஃபிக்ஸர் போகக் கழுவ ஓடும் தண்ணீர் தேவையில்லை. சுத்தமான தண்ணீர் நிரப்பிய ட்ரேயில் ஷீட்டுகளைச் சுற்றி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீரை முழுதாகக் கொட்டி மாற்றி, ஆறு தடவை செய்தால் போதும். கடைசியாக டிஸ்டில்டு வாட்டரில், தண்ணீர்த் தடம் விழாமல் காக்கும் ஃபோட்டோ-ஃப்ளோ, ஒன்றுக்கு இருநூறு என்ற அளவில், ஒரு நிமிடம். நுரை வந்தால் அதிகம் என்று அர்த்தம். துணியாலோ ரப்பர் தகட்டாலோ வழிக்காதீர்கள், ஒரு மணல் துகள் போதும் நெடுக்கக் கோடு போட. ஒரு மூலையில் மட்டும் கிளிப் மாட்டி ஷீட்டைச் சாய்வாகத் தொங்கவிட்டால் தண்ணீர் எதிர்மூலைக்கு ஓடிச் சொட்டிவிடும். தொங்கவிடுவதற்கு முன்னால் குளியலறையில் சற்று நேரம் சுடுதண்ணீர் ஷவரைத் திறந்துவிட்டால் பறக்கும் தூசி அடங்கிவிடும்.

நெகட்டிவைப் பார்த்து அடுத்த ஷீட்டைத் தீர்மானிப்பது

காய்ந்த நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முதலில் நிழல்களைப் பாருங்கள். விவரம் வேண்டும் என்று நீங்கள் நினைத்த நிழல், ஹோல்டர் மறைத்த தெளிவான விளிம்பைவிடக் கொஞ்சமாவது கருப்பாக இருக்க வேண்டும். அங்கே வெறும் கண்ணாடி போல இருந்தால் எக்ஸ்போஷர் (படமெடுக்கும்போது ஃபிலிமில் பட்ட வெளிச்சம்) போதவில்லை, எவ்வளவு கழுவினாலும் அது வராது. பிறகு பளிச்சிடும் இடங்கள். நெகட்டிவை அச்சிட்ட பக்கத்தின் மேல் வைத்து, அதன் மிக அடர்ந்த பகுதி வழியாகப் பாருங்கள். எழுத்தை மங்கலாகவாவது படிக்க முடிந்தால் சரி. ஒன்றுமே தெரியவில்லை என்றால் டெவலப்பரில் அதிகம் இருந்திருக்கிறது.

நிழலை எக்ஸ்போஷர் தீர்மானிக்கிறது, பளிச்சிடும் இடங்களை டெவலப்மென்ட் தீர்மானிக்கிறது. ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி வகுத்த ஸோன் முறை இதன் மேல்தான் நிற்கிறது. அந்த முறையின் அளவுகள் முழுதும் தெரியாவிட்டாலும் அதன் பலனை அடைய ட்ரேக்காரர்களுக்கு எளிய வழி உண்டு. ஹோல்டரின் இரண்டு பக்கத்திலும் ஒரே காட்சியை ஒரே எக்ஸ்போஷரில் எடுங்கள். முதல் பக்கத்தை வழக்கமான நேரத்துக்குக் கழுவுங்கள். உச்சிவெயிலில் எடுத்த வெள்ளைச் சுவர் அடைத்துப்போய் வந்தால் இரண்டாவது ஷீட்டுக்கு 20 சதவீதம் நேரத்தைக் குறையுங்கள். மேகமூட்டத்தில் எடுத்தது சோகையாக வந்தால் 30 சதவீதம் கூட்டுங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எந்த விளக்கப்படமும் சொல்லித்தராதது புரியும். இரண்டு பக்கமும் எடுக்காத படம் என்னிடம் குறைவு, ஃபிலிம் இரட்டிப்பாகச் செலவாவதை நான் செலவாகவே நினைப்பதில்லை.

இதற்குக் குறிப்பு வேண்டும். ஹோல்டர் எண், பக்கம், காட்சி, எக்ஸ்போஷர், டெவலப்பர், வெப்பநிலை, நேரம், எத்தனை ஷீட் ஒன்றாகப் போனது என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். ஹோல்டர் எண்ணை நெகட்டிவிலேயே பதிய ஒரு தந்திரம் உண்டு. ஹோல்டரில் ஷீட்டின் விளிம்பை மூடும் மெல்லிய தகட்டில், ஒவ்வொரு ஹோல்டருக்கும் வெவ்வேறு இடத்தில், அரத்தால் ஒரு சின்னப் பள்ளம் தேய்த்துவிடுங்கள். எடுக்கும் ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் அந்தப் பள்ளம் ஒரு கருப்புப் புள்ளியாக விழும். எந்த ஹோல்டர் வெளிச்சம் கசியவிடுகிறது என்று தேட வேண்டி வரும் நாளில் அந்தப் புள்ளியே பதில் சொல்லும்.